நம்ம கை

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் எழுதப்பட்டுவிட்டது. பைக் டேங்கில் எழுதியிருந்தான், வாசல் கேட்டில் எழுதியிருந்தான், பனியன் முதுகில் அச்சடித்து வைத்திருந்தான். அந்தப் பனியனைத் துவைத்துக் கொடியில் போடுகிறவள் பெயர் எங்கேயும் இல்லை. அவள் பெயர் கோகிலா. அதை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு விட்டுப்போச்சு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இலுப்பூரில் நாங்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். முன் போர்ஷனில் அவன், அவன் அம்மா, மனைவி கோகிலா. பின் போர்ஷனில் நான் ஒருத்தி. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் எனக்கு வேலை. அதனால் அவனுக்கும் நான் டீச்சர்தான். "என்ன டீச்சர், சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு, என் சோற்றையும் அவனே ஆக்கிப் போட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருமம், முகம்கூட மங்கிவிட்டது, அந்தக் கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி வெளுத்து, மெத்தென்று இருக்கும். சுண்டு விரலில் மட்டும் நகம் வளர்த்திருப்பான். பச்சைக்கல் மோதிரம் ஒன்று. மிக்சர் தின்றுவிட்டு அந்தச் சுண்டு விரலைச் சப்பி, சட்டையில் துடைத்து, அதே கையை நம் முகத்துக்கு நேராக ஆட்டி ஆட்டிப் பேசுவான். அந்தக் கை ஒரு குடம் தண்ணீர் தூக்கி நான் பார்த்தது கிடையாது. ஆனால் எங்கே எந்த வேலை நல்லபடியாக முடிந்தாலும் அது அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். "எல்லாம் நம்ம கைதான்" என்பான்.

ஒரு தடவை வீட்டு ஓனர் கொல்லையில் போர் போட்டார். எங்கள் பக்கம் பூமி பாதி பாறை. துளைத்துக்கொண்டே போவார்கள், புழுதிதான் வரும். அன்றைக்கு என்னவோ நல்ல நேரம், தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் நனைந்து கூத்தாடி, போர் வண்டியும் புறப்பட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு இவன் உள்ளே இருந்து ஒரு தேங்காயோடு வந்தான். உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தக் குழியைச் சுற்றி நடந்தான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது உண்டுதான், ஆனால் அது போர் போடுவதற்கு முன்னால். இவன் கோகிலாவைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னான். தேங்காய் செங்குத்தாக எழுந்து நின்றது உண்மை. அடியில் கட்டைவிரலை முட்டுக் கொடுத்திருந்தான்.

"ஏப்பா, தண்ணி வந்தப்பறம் எதுக்குத் தேங்காய்?" என்று கேட்டேன்.

"உறுதிப்படுத்த வேணாமா டீச்சர்? நம்ம கை ராசி அப்படி" என்றான்.

ஓனர் பேத்தியின் காதுகுத்துக்கும் இதே கதைதான். சமையல்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கறிக்குழம்பு அண்டாவில் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். அவ்வளவுதான் அவன் செய்த வேலை. பந்தியில் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, "எலைக்குக் கொழம்பு வந்துச்சா? எப்படி இருக்கு, நம்ம கைப்பக்குவம்?" என்று கேட்டுக்கொண்டு போனான். சமையல்காரர் அதைக் கேட்டுவிட்டு வந்து, "ஏந்தம்பி, நீ எப்ப சமைச்ச?" என்றார். கொஞ்சமாவது அசைந்தானா? அவர் தோளில் கையைப் போட்டு, சுற்றி இருந்தவர்களிடம், "நம்ம ஆளுதான். சொல்லிக் குடுத்தா நல்லாச் செய்வாப்ல" என்றான். அந்த மனுஷர் கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டாப் பக்கம் போய்விட்டார். வெட்கமே இல்லாதவனை என்ன சொல்லித் திட்டுவது?

இந்தக் கைதான் பிறகு ஊர் பேசும் கையானது. ஒரு விளையாட்டால்.

அவன் ஒரு சேனல் வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் விளையாடுவான், அதை லைவாகப் போடுவான். அந்த விளையாட்டை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். வாள் ஏந்திய ஒருவன். இடிந்து விழுந்துகொண்டே இருக்கும் ஒரு கோட்டை. அதற்குள் அவன் குதித்து, உருண்டு, எதிரில் வருகிற பூதங்களை வெட்டி, மேலே மேலே ஏற வேண்டும். கண்ணை இமைக்க நேரம் இருக்காது. செத்தால் சேர்த்து வைத்த ஆயுதம், சக்தி எல்லாம் போச்சு, மறுபடி முதல் வாசல். அதுவும் பழைய கோட்டையாக இருக்காது. படி இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும், பள்ளம் இருந்த இடத்தில் பூதம் நிற்கும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. டீச்சர் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருந்தது. காப்பியடிக்க வழியே இல்லாத பரீட்சை என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

சாயங்காலம் ஆனால் சுவர் தாண்டி அவன் குரல் வந்துவிடும். "வணக்கம் மக்களே!" அதற்கு முன்னால் தலைக்கு ஜெல், அக்குளுக்கு சென்ட், கைக்குக் கிரீம். ஆமாம், கைக்கு. இத்தனை வேகமாக விரல் எப்படி ஓடுகிறது, கையைக் காட்டுங்கள் என்று பார்க்கிறவர்கள் கேட்டார்களாம். உடனே கைக்கென்று தனியாக ஒரு கேமரா வைத்துவிட்டான். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அந்த வெளுத்த கை கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு துள்ளும், மோதிரம் மினுக்கும். வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை முடிந்து உட்கார்ந்து பார்த்து, "அண்ணன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று எழுதுவார்கள்.

நானும் போனில் பார்த்தேன். ஏதோ இடித்தது. வாள்காரன் முதலில் குதிக்கிறான், அதற்கப்புறம் இவன் விரல் அழுத்துகிறது. காலைப் பிரார்த்தனையில் பாட்டுத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அரை நொடி தாமதமாக வாயசைக்குமே, அதை நான் தினம் பார்க்கிறவள். ஆனாலும் நெட் மெதுவாக இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் கறிவேப்பிலை இல்லை என்று பின்கட்டு வழியாக அவர்கள் அடுப்படிக்குப் போனேன். கோகிலா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மசாலா டப்பாக்களுக்கு நடுவே ஒரு சின்னத் திரை. அதில் வாள்காரன் பறந்துகொண்டிருந்தான். அவள் மடியில் இன்னொரு கன்ட்ரோலர், வயர் இல்லாதது. கட்டைவிரல் இரண்டும் கண்ணுக்கே பிடிபடவில்லை. முன் அறையிலிருந்து அவன் கத்துகிறான்: "பாத்தீங்களா மக்களே! எப்படி உருண்டேன் பாத்தீங்களா!" உருட்டியவள் இங்கே வாளி மேல் இருக்கிறாள்.

குக்கர் விசிலடித்தது. கோகிலா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே காலை நீட்டி அடுப்பின் கீழ் இருந்த சிலிண்டர் வால்வைக் கால் விரலால் திருகினாள். முன் அறையில் அவன், "அது ஒண்ணுமில்ல மக்களே, நம்ம வீட்டுக்காரி பருப்பு வேக வைக்கிறா" என்றான். பருப்பும் அவள்தான், வாளும் அவள்தான். சீ என்று வந்தது எனக்கு. கறிவேப்பிலை கேட்காமலே திரும்பி வந்தேன்.

மறுநாள் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"ஏண்டி கோகிலா, என்னடி கூத்து இது?"

"அக்கா, மெதுவாப் பேசுங்க. உள்ள அத்தை இருக்காக."

பிறகு தண்ணீர் நிறைகிற சத்தத்தில் சொன்னாள். கீரனூரில் பிறந்த வீட்டில் இருந்தபோதே அவளுக்கு இந்த விளையாட்டுப் பழக்கம். அண்ணன் துபாய்க்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் விளையாடுவாளாம். "இங்கிட்டு வந்தப்பறம் பாத்தா, இவுகளும் அதையே விளையாடுறாக. ஆனா ரெண்டாவது வாசலே தாண்ட மாட்டாம கீபோர்டப் போட்டுக் குத்துறாக. குடுங்க இங்கிட்டுன்னு வாங்கித் தாண்டிக் காட்டுனேன். அதப் பதிவு பண்ணி, மேல இவுக கொரலப் போட்டு விட்டுட்டாக. அதத்தான் அம்புட்டுப் பேரும் பாத்தாக. அப்பறம் இதே ஆகிப்போச்சு."

"நீ கேக்க மாட்டியா?"

"கேட்டேன்க்கா. 'புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன ஒன் கை, என் கை? எல்லாம் நம்ம கைதான்'ங்கிறாக."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. இவனுக்கு நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பேர் மட்டும் இவனுடையது.

"அப்ப எதுக்குடி விளையாடிக் குடுக்குற? தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்று கத்திவிட்டேன்.

அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு நின்றாள். "எனக்குப் பிடிக்கும்க்கா. லைவ் ஓடுறப்பத்தான் அத்தை என்னைய ஒரு வேலையும் சொல்ல மாட்டாக. மத்த நேரம் அத நான் தொட முடியுமா? இன்னொண்ணு, ஒரு நா கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னா இந்த வீட்டுல வருசம் பூரா சொல்லிக் காட்டுவாக. அங்க செத்தா மறுபடி மொத வாசல். பழசப் பத்தி யாரும் பேச மாட்டாங்க."

நான் என் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

"எம் பேர ஒரு தடவ சொன்னாப் போதும்க்கா" என்றாள். "கோகிலாதான் விளையாடுறான்னு ஒரே தடவ. கோட்டை உச்சிக்குப் போற அன்னைக்குச் சொல்றேன்னு கொலசாமி மேல சத்தியம் பண்ணியிருக்காக."

அந்த ஒரு சத்தியத்துக்காக அவள் விளையாடிய விளையாட்டு இருக்கிறதே! உச்சியில் ஓர் இரும்பு ராஜா இருப்பானாம், வாயைத் திறந்தால் தீ. அவனைச் சாய்த்தால்தான் கோட்டை முடியும். அவனிடம் செத்துச் செத்து, முதல் வாசலுக்கு வந்து வந்து, அவள் வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் போனைத் திறந்தால் லைவ் ஓடுகிறது. கை கேமராவில் பார்க்கிறேன், அவன் கட்டைவிரலில் பேண்டேஜ். அதே பேண்டேஜ். மஞ்சள் கறை பட்ட முனையை நான்தான் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தேன், அந்த ஊக்கு அப்படியே இருக்கிறது. அவளிடமிருந்து அவிழ்த்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "மக்களே, டாக்டரு விளையாடக் கூடாதுன்னுட்டாரு. ஒங்களுக்காக வலியோட விளையாடுறேன்" என்று உதட்டைக் கடிக்கிறான். சனங்கள் அழுது எழுதுகிறார்கள். அடுப்படியில் வெறும் விரலோடு அவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். அடத் தூ! அடுத்தவள் உழைப்பைத் தின்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் வலியைத் தின்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். வைத்திருந்த ரசத்தை அப்படியே கீழே கொட்டினேன், வாயில் வைக்க முடியவில்லை.

காலையில் கேட்டருகே வழிமறித்தேன். "ஏப்பா, வீக்கம் அவளுக்கு, கட்டு ஒனக்கா?"

"வீட்டுக்குள்ள எல்லாமே பொதுதான் டீச்சர்."

"அப்ப வலியையும் பாதி வாங்கிக்கிறது."

அதற்கும் சிரித்தான். "டீச்சர் நல்லாப் பேசுறீங்க. இத லைவ்ல சொல்லிக்கிறேன்" என்றான். என்னிடம் அவன் திருடியது அந்த ஒரு பேச்சுதான். சொன்னானா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

அவனைப் பற்றி இப்போது ஒன்று கேள்விப்பட்டேன். திருச்சிப் பக்கம் போய்ச் சமையல் சேனல் நடத்துகிறானாம். கிரீம் தடவிய கை கொத்தமல்லி தூவுவது மட்டும் தெரிகிறது என்று எங்கள் ஸ்கூல் சத்துணவு அமைப்பாளர் அம்மா சொன்னார். அவன் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, நின்றபடி சமைத்தால் மூட்டு வலிக்கும். அதுவும் அவனுக்குத்தான் வலிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, கோட்டைக்கு வருகிறேன். வீக்கம் வடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கோகிலா அந்த இரும்பு ராஜாவைச் சாய்த்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று. அவன் அழுதான். தேம்பித் தேம்பி அழுதான். அம்மாவுக்கு நன்றி சொன்னான், குலசாமிக்கு நன்றி சொன்னான், வளைகுடா நண்பர்களுக்குச் சொன்னான், நெட் கனெக்‌ஷன் கொடுத்த தம்பிக்குக்கூடச் சொன்னான். லைவ் முடிந்தது. அடுப்படி விளக்கு வெகுநேரம் எரிந்தது.

மறுநாள் அவளே வந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. "பொங்கலுக்கு மேடையில வச்சுச் சொல்றாகளாம்க்கா. இங்கன அடச்ச ரூம்புக்குள்ள சொன்னா யாரு கேப்பா, ஊரு கூடி இருக்கையில சொன்னாத்தான ஒனக்குப் பெருமைன்னாக. நீங்க முன்னாடி ஒக்காருங்க. எம் பேரு சொல்றப்ப ஒங்க மொகத்தப் பாக்கணும்."

அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எந்த வாயால் சொல்வது? "சரிடி, ஒக்காருறேன்" என்றேன்.

எங்கள் தெரு இளைஞர் மன்றம் காணும் பொங்கலுக்கு விளையாட்டு விழா வைக்கும். ஸ்லோ சைக்கிள், உறியடி, மியூசிக்கல் சேர், பெண்களுக்குக் கோலம், ஊசியில் நூல் கோர்ப்பது, எல்லாம் உண்டு. பரிசு எவர்சில்வர், பிளாஸ்டிக் சாமான்கள். வருஷா வருஷம் கோலத்துக்கு மார்க் போடுவது நான். அந்த வருஷம் பெரிய எல்இடி திரை கட்டி, 'நம் மண்ணின் மைந்தன் நேரடி விளையாட்டு' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். திரைக்குப் பின்னால் ஜெனரேட்டர், பக்கத்தில் சேலை கட்டி மறைத்த ஓர் இடம். "வயரு பூரா அங்கிட்டுத்தான் இருக்கு. வீட்டுக்காரி பாத்துக்குவா" என்று மன்றத்துப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தான். கோகிலா புதுச் சேலையில் அந்த மறைப்புக்குள் போனாள். போகும்போது திரும்பி நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஆள் உயரத்துக்கு வாள்காரன். மூலையில், முறம் அளவுக்கு அந்தக் கை. கும்பல் வாயைப் பிளந்து பார்த்தது, விசில் பறந்தது. முதல் வாசல், இரண்டாம் வாசல், பாலம், கோபுரம் எல்லாம் தாண்டி இரும்பு ராஜா இருக்கிற உச்சிக்கே போய்விட்டாள். உச்சிக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம், பூதம் வராது. அந்த நேரத்தில் மைக் பிடித்திருந்த தம்பி அவனிடம் மைக்கை நீட்டி, "அண்ணே, இம்புட்டுத் தெறமையும் யாருகிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான்.

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். இதைவிட வாகாக யார் கேட்பார்கள்? வாயைத் திறந்து மூன்றெழுத்துப் பெயரைச் சொல்ல வேண்டியதுதான்.

"யாருகிட்டயும் இல்லப்பா" என்றான். "பொறவியிலயே வந்தது. எல்லாம் நம்ம கைதான்."

"அண்ணிக்கும் விளையாடத் தெரியுமாண்ணே?"

அவன் சிரித்தான். மைக்கில் அந்தச் சிரிப்பு தெருவெல்லாம் கேட்டது. "அவளுக்கா? டிவி ரிமோட்ல சவுண்டக் கொறைக்கச் சொன்னா ஆஃப் பண்ணிருவா!"

கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. ஆம்பளைகள் மட்டும் சிரிக்கவில்லை, என் பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். அவன் மைக்கைக் கொடுத்துவிட்டு, "வாங்க மக்களே, ராஜாவப் பாத்துட்டு வருவோம்" என்று கன்ட்ரோலரைத் தூக்கிப் பிடித்தான்.

உச்சிக் கதவு திறந்தது. வாள்காரன் உள்ளே நாலு அடி வைத்து நின்றான். நின்றவன் நின்றபடியே இருந்தான்.

மூலையில் விரல்கள் பறக்கின்றன. கட்டைவிரல் குத்துகிறது, மோதிரம் மினுக்குகிறது. இரும்பு ராஜா எழுந்து வருகிறான். வாள்காரன் சும்மா நிற்கிறான். எல்இடி திரையின் ஓரத்திலிருந்து கோகிலா வெளியே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெண்கள் பக்கமாக நடந்து வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"கை வலிக்குதுக்கா" என்றாள்.

"ஹேங் ஆயிருச்சு மக்களே, ஹேங் ஆயிருச்சு!" என்று மேடையில் அவன் கத்தினான். விரல் மட்டும் நிற்கவில்லை. அத்தனை நாள் பழக்கம், பாவம், அதற்கு நிற்கத் தெரியவில்லை. கும்பலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தீயி எரியுது, ராசா நடக்குறான், ஒங்க ஆளு மட்டும்தாண்ணே ஹேங்கா?" அவன் ஜெனரேட்டர் சரியில்லை என்றான். "ஜெனரேட்டரு நல்லாத்தான்யா ஓடுது!" என்று பின்னாலிருந்து ஜெனரேட்டர்காரர் சத்தம் போட்டார். ராஜா வாயைத் திறந்தான். வாள்காரன் எரிந்தான். திரை கறுத்து, மறுபடி முதல் வாசல் வந்தது. அந்த வாசலில் வாள்காரன் போய் நின்றான். மூலையில் அந்தக் கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அந்தத் திரையை அணைத்தார்கள்.

எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது. புரிந்தவர்கள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தன் மானத்தைக் கூட்டத்தில் வைத்து வாங்க மாட்டார்கள். டீக்கடையில் வைத்துத்தான் வாங்குவார்கள்.

விழா நின்றுவிடக் கூடாது என்று மைக் தம்பி அவசரமாக அடுத்ததை அறிவித்தான். "பெண்களுக்கான ஊசியில் நூல் கோர்க்கும் போட்டி. கலந்துக்கிறவங்க வந்து பேரு குடுங்க."

கோகிலா எழுந்து போனாள். மைக்குக்கு அருகே போய் என்னவோ சொன்னாள். அந்தத் தம்பி அதைத் திருப்பிச் சொன்னான். "கோகிலா!" மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து கத்தின. அவள் அடுத்தவருக்கு இடம் விடாமல் அங்கேயே ஒரு கணம் நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சிரித்துவிட்டாள்.

அந்தப் போட்டியில் அவள் ஜெயிக்கவில்லை. கட்டைவிரல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தாள். ஒரு நீல பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "போட்டோ எடுங்கக்கா" என்றாள். போனைத் தூக்கினேன்.

அப்போது வந்தான் பாருங்கள். சற்று முன்புதான் அத்தனை பேர் முன்னால் சந்தி சிரிக்க நின்றவன், ஜெல் தலையைத் தடவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தான். "நம்ம வீடுதான், நம்ம வீடுதான்!" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். "ஊசி கோக்க ட்ரெயினிங் குடுத்ததே நாந்தான். டீச்சர், நானும் வாரேன், நல்லா எடுங்க" என்று வாளியைப் பிடிக்கக் கையை நீட்டினான். கோகிலா வாளியை மறு இடுப்புக்கு மாற்றினாள். நான் பட்டனை அமுக்கிவிட்டேன்.

மறு வாரம் அவள் கீரனூருக்குப் போனாள். பஞ்சாயத்து, சண்டை எல்லாம் நடந்தது. அதை எழுதினால் மறுபடி அவனைப் பற்றி எழுத வேண்டும். இப்போது அவளுக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுடைய பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டைதான். சேனலும் உண்டு, அவள் பெயரிலேயே. பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நான் தினம் உண்டு. செத்துப்போனால், "போச்சுக்கா!" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு முதல் வாசலுக்குப் போவாள்.

அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. புதுச் சேலையில் கோகிலா, இடுப்பில் நீல வாளி, வாய் நிறையச் சிரிப்பு. ஓரத்தில் மட்டும் ஒரு வெளுத்த கை, பச்சைக்கல் மோதிரத்தோடு, வாளி இருந்த இடத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்டாஃப் ரூமில் யாராவது பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு டீச்சர். ஓரத்துல இது யாரு கை?" என்று கேட்பார்கள்.

"யாரு கையோ" என்பேன்.